ஐந்தாவது யூனிட்

எங்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஜூலை முதல் வாரத்தில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, அவருடைய வகுப்பில் போய் உட்காரச் சொன்னார்.

"நீங்க எதுவும் நடத்த வேணாம் மேடம். அவங்க வீடியோதான் இருக்கே. போட்டு விட்டுட்டு அட்டெண்டன்ஸ் எடுங்க. சத்தம் போடாம பாத்துக்குங்க. அவ்வளவுதான்."

நான் மணிக்கணக்குச் சம்பளத்தில் இருந்தவள். நின்று பாடம் நடத்தினால் ஒரு மணிக்கு இவ்வளவு என்று உண்டு. வீடியோ ஓடும்போது உட்கார்ந்திருப்பது பாடம் நடத்துவது ஆகாதாம், மேற்பார்வையாம். அதற்குப் பாதி. அதையும் அவர் நல்ல செய்தி போலத்தான் சொன்னார். "தொண்டை வலிக்காத வேலை மேடம்."

சரி என்றேன். அந்தக் கல்லூரியில் எட்டு வருடமாக நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

கல்லூரி ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையை ஒட்டி, ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் ஒரு கல்லூரி, மதியம் ஒன்றரைக்கு மேல் இன்னொரு கல்லூரி. கட்டடம் ஒன்று, பெயர்ப் பலகை ஒன்று, ஆட்கள் வேறு. காலையில் வருகிறவர்கள் நிரந்தர ஆசிரியர்கள். மதிய ஷிஃப்டில் நாங்கள் பதினான்கு பேர், எல்லோரும் மணிக்கணக்கு. எங்களுக்கு நியமன உத்தரவு என்று ஒரு காகிதம் கிடையாது. லீவு போட்டால் அந்த மணிகள் போயின. மழைக்குக் கலெக்டர் விடுமுறை விட்டாலும் போயின. மே மாதம் முழுக்கப் போகும். மதிய மாணவர்களும் அப்படித்தான், பாதிப் பேர் காலையில் எங்காவது வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். அம்பத்தூர் எஸ்டேட், பெட்ரோல் பங்க், கூரியர். முகம் கழுவிய ஈரத்தோடு வந்து உட்காருவார்கள்.

அவரை எல்லோரும் ஸ்டாட்ஸ் மேடம் என்பார்கள். நான் மேத்ஸ் மேடம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு மேசை இருந்தது. ஒருவர் வகுப்பில் இருந்தால்தான் இன்னொருவருக்கு நாற்காலி. ஆளுக்கு ஒரு இழுப்பறை. என்னைவிட ஆறு வயது சின்னவர். குரல் கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் கடைசி பெஞ்சு வரை போகும். எதை விளக்கினாலும் முடிவில் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பார். நாமெல்லாம் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அவர் உண்மையாகவே காத்திருப்பார்.

வீடியோ எடுக்கும் யோசனை நிர்வாகத்துடையது. பாடத்திட்டம் முழுவதையும் ஒவ்வொருவரும் பதிவு செய்து கொடுக்க வேண்டும், பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு உதவும் என்றார்கள். முடித்துக் கொடுத்தால் ஒரு சிறு தொகை உண்டு என்றார்கள். கேமரா தரவில்லை. மேல் மாடிக் கடைசி வகுப்பறையில் நானும் அவரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். என் பாடத்துக்கு அவர் போன் பிடிப்பார், அவர் பாடத்துக்கு நான். இரண்டுக்கும் என் போன்தான். அவருடையது சீக்கிரம் சூடாகிவிடும்.

ஆளில்லாத வகுப்பறையில்கூட அவரால் "புரிஞ்சுதா?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டு நிற்பார். போனுக்குப் பின்னால் நான் தலையாட்டுவேன். "சரி" என்று அவரும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். முதல் நாள் இருவரும் சிரித்துவிட்டு மறுபடி எடுத்தோம். பிறகு அதுவே பழகிவிட்டது.

அந்த வருடம் ஆகஸ்டில் அவர் ஒரு மனு எழுதினார். கோடு போட்ட தாளில், கையால். இரண்டே கோரிக்கை. ஒன்று, எங்களுக்கு எழுத்தில் நியமன உத்தரவு வேண்டும். இரண்டு, ஒரு செமஸ்டருக்கு இரண்டு நாளாவது சம்பளத்தோடு உடம்பு சரியில்லாத விடுப்பு வேண்டும். முதலில் என்னிடம்தான் நீட்டினார். நான் படித்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"கையெழுத்து?"

"யோசிச்சு சொல்றேன்."

காலை ஷிஃப்டில் ஓர் இடம் நிரந்தரமாக வரப் போகிறது என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. என்னிடம் அதைச் சொன்னவரே துறைத் தலைவர்தான். அவர் வேறு யார் யாரிடம் அதையே சொல்லியிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. பதினான்கு பேரில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல்வர் வாங்கிப் பார்த்துவிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். அது அங்கேயே கிடந்தது. ஸ்டாட்ஸ் மேடம் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் போல எனக்காகப் போன் பிடித்தார். கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை. எல்லா வீடியோவையும் வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் அந்தச் சிறு தொகை கிடையாது என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். என் பாடம் முடிந்திருந்தது. அவருக்கு ஐந்தாவது யூனிட்டில் இரண்டு மிச்சம்.

"மேடம், ஜொரம் மாதிரி இருக்கு" என்றார் படியேறும்போது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். மாதிரி எல்லாம் இல்லை, சுட்டது.

"மாத்திர போட்டீங்களா?"

"காலைல போட்டேன். கண்ணு பின்னாடி வலிக்குது."

வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ரெண்டே ரெண்டுதான். முடிச்சுட்டா மறுபடி இதுக்காக வர வேணாம்." அவருக்காகச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கும் மேலே ஏறி வந்து போன் பிடிப்பது சலித்துப்போயிருந்தது. மழை வலுப்பதற்குள் திருமுல்லைவாயில் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் இருந்தது.

அன்றைக்கு மட்டும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். முதல் வீடியோ முடிந்ததும் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் அடுத்ததற்குப் போனைத் தட்டிவிட்டு, "இன்னும் ஒண்ணுதான் மேடம், முடிச்சிடலாம்" என்றேன். அதற்குள் பதிவு ஓட ஆரம்பித்திருந்தது. அவர் தலையைத் தூக்கினார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார், "வணக்கம்" என்றார்.

வெள்ளி, சனி, திங்கள், மூன்று நாளும் வகுப்புக்கு வந்தார். செவ்வாய் வரவில்லை. பூந்தமல்லியில் ஒரு கிளினிக்கில் டெங்கு என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களாம். அடுத்த சனிக்கிழமை மதியம் நான் இரண்டாம் வருட வகுப்பில் இருந்தபோது ஆபீஸ் உதவியாளர் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அறிவிப்புப் பலகையில் அவர் படம் ஒரு வாரம் இருந்தது. குடும்பத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று நாங்கள் சிலர் போய்க் கேட்டோம். "ரோல்ல இல்லையே மேடம்" என்றார் முதல்வர். வருத்தத்தோடுதான் சொன்னார். ஸ்டாட்ஸ் மேடம் வேலைக்குச் சேர்ந்ததாக எந்தக் காகிதமும் இல்லை. ஆகவே இறந்ததாகவும் எழுத இடமில்லை.

இப்போது அவருடைய வகுப்பு. பிள்ளைகள் அந்த ஜூனில் புதிதாகச் சேர்ந்தவர்கள், அவரைத் தெரியாதவர்கள்.

முதல் நாள் விளக்கை அணைத்துவிட்டுப் புரொஜெக்டரைப் போட்டேன். சுவரில் ஆளுயரத்துக்கு மேல் நின்றார். நீலத்தில் வெள்ளைப் பூ போட்ட சேலை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஐந்து நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடங்களைப் பலகையில் எழுதிச் சராசரி எடுத்தார். கணக்கு முடிந்தது. திரும்பினார்.

"புரிஞ்சுதா?"

நின்றார். வகுப்பில் ஒரு மூச்சு அமைதி. பின் பெஞ்சில் ஒருவன் விளையாட்டுக்காக, "புரிஞ்சுது மேடம்" என்றான். சுவரில் இருந்தவர் தலையாட்டினார். "சரி" என்றார்.

வகுப்பே சிரித்தது. அந்தத் தலையாட்டல் எனக்குச் செய்தது. அந்த மௌனத்தில் நான் நின்றிருந்தேன், போனுக்குப் பின்னால்.

அடுத்த வாரம் நான்கைந்து பேர் பதில் சொன்னார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஐம்பது பேரும் சொன்னார்கள். விளையாட்டு போய் வழக்கமாகிவிட்டது. யாருக்காவது புரியாவிட்டால், "இல்ல மேடம்" என்றுகூடச் சொல்வார்கள். அதற்கும் அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார். அப்போது நான் எழுந்து நிறுத்திவிட்டு விளக்க வேண்டும். அந்த நிமிடங்களுக்குச் சம்பளம் கிடையாது. விளக்காமல் இருக்கவும் முடியவில்லை. திரையில் அவர் பாதி வாய் திறந்தபடி அசையாமல் நிற்க, அவருக்குப் பக்கத்தில் நின்று பேசுவேன். என் நிழல் அவர்மேல் விழும். நகர்ந்து நகர்ந்து நிற்பேன்.

ஒரு நாள் வராந்தாவில் துடைப்பம் விழும் சத்தம் கேட்டது. பெருக்குகிற அம்மா வாசலில் நெஞ்சில் கை வைத்து நின்றிருந்தார். பட்டாபிராமிலிருந்து வருபவர், ஸ்டாட்ஸ் மேடத்தோடு தினமும் டீ குடித்தவர்.

"இன்னாமா இது? அந்தம்மா குரலு கேக்குது?"

வெளியே போய் வீடியோ என்று சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"செத்தும் உட மாட்றாங்களா வேல வாங்காம" என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பு நேரத்தில் அந்த வராந்தாவுக்கு வருவதில்லை.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். காலையில் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, மதியம் கல்லூரி. நன்றாகப் படிப்பாள். ஒரு நாள் வகுப்பு முடிந்து என்னிடம் வந்தாள்.

"மேடம், இவங்க இப்ப எந்த காலேஜ்ல கீறாங்க? ரெண்டு டவுட் கேக்கணும். நம்பர் குடுக்கறீங்களா?"

"வேற ஊருக்குப் போயிட்டாங்க" என்றேன்.

"போன்ல கேட்டுக்கறேன் மேடம்."

"நானே சொல்றேன் வா" என்று பேச்சை மாற்றினேன். நோட்டை விரித்தாள். ஆனால் அந்தப் பொய் என்னோடு வீட்டுக்கு வந்தது. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, அவர் வேறு ஊரில் இருக்கிறார் என்று ஒரு நொடி எனக்கே நம்பிக்கை வந்துவிடும். அந்த நொடி போன பிறகு கை ஓடாது.

நாள் நகர நகர, பாடம் ஐந்தாவது யூனிட்டை நெருங்கியது. அந்த இரண்டு வீடியோவை எடுத்த பிறகு நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம் வேறு வழியில்லாமல் போட்டேன்.

உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. குரல் மட்டும் எப்படியோ அதே குரல். விலைவாசிக் குறியீட்டெண் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் தண்ணீர் குடித்தார். "புரிஞ்சுதா?" என்று கேட்டபோது வகுப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நோயாளியை அவர்களால் கண்டுகொள்ள முடிந்திருந்தது. எனக்குத்தான் அன்றைக்கு முடியவில்லை.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கியது. மேசைமேல் சாய்ந்த தலை. மழைச் சத்தம். அதன்மேல், அறை முழுக்க, என் குரல்.

"இன்னும் ஒண்ணுதான் மேடம், முடிச்சிடலாம்."

ஐம்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. சுவரில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார். நான் எழுந்து அணைத்தேன்.

பேக்கிங் வேலைப் பெண்தான் கேட்டாள். "மேடம், அது உங்க வாய்ஸ்தானே?"

"ஆமா."

"அவங்களுக்கு ஒடம்பு சரியில்லயா அன்னிக்கி?"

"ஜொரம்."

"இப்ப நல்லா கீறாங்களா?"

சொல்லிவிட்டேன். வேறு ஊரில் இல்லை என்றும், அந்த வீடியோ எடுத்து ஒன்பதாம் நாள் இறந்துவிட்டார் என்றும் சொன்னேன். விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை. அரை இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் மெதுவாக, என்னைப் பார்க்காமல், "அப்ப நாங்க இத்தினி நாளா யாருக்கு புரிஞ்சுதுன்னு சொல்லிகினு இருந்தோம்?" என்றாள்.

விளக்கைப் போட்டு, சாக்பீஸ் எடுத்து, ஐந்தாவது யூனிட்டை முதலிலிருந்து நடத்தினேன்.

மறுநாள் முதல்வரின் அறைக்குப் போனேன்.

"இனிமே அவங்க வீடியோவ நான் போட மாட்டேன் சார்."

"ஏன் மேடம், எதுனா டெக்னிகல் ப்ராப்ளமா?"

"அவங்க செத்துட்டாங்க சார்."

"தெரியும். அதுக்கு என்ன பண்றது? அந்த வீடியோ காலேஜ் ப்ராபர்ட்டி. பேமெண்ட் குடுத்தாச்சு."

அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் பார்த்தேன். காலண்டரும் யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையும் இருந்தன. மனு இல்லை.

கையெழுத்துப் போட்ட நால்வரில் ஒருவர், ஆங்கிலம் நடத்துகிறவர், அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். அவரிடமிருந்து வாங்கி அப்படியே பிரதி எடுத்தேன். ஸ்டாட்ஸ் மேடத்தின் வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன். வேலையை விட்டுப் போனவர், இறந்தவர் ஆகியோரின் வீடியோவை வகுப்புக்குப் பதிலாக ஓட்டக் கூடாது. முதல் கையெழுத்து நான் போட்டேன். ஒரு வருடம் தாமதமாக. இந்த முறை பதினொரு பேர் போட்டார்கள். அவர்கள் போட்டது மனுவைப் படித்து மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். எல்லோருடைய வீடியோவும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்துக்கும் போனோம், மூன்று பேர். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். உட்காரச் சொன்னார்.

"நீங்க கேக்கறது நியாயம்தாம்மா. ஆனா வாத்தியாருங்க இந்தச் சட்டத்துல தொழிலாளி கணக்குல வர மாட்டீங்க."

"அப்ப நாங்க யாரு சார்?" என்றார் ஆங்கில ஆசிரியர்.

அதிகாரி சிரிக்கவில்லை. மனுவை இன்னொரு தடவை படித்தார். "எதுக்கும் நிர்வாகத்துக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. ஒப்புகை அட்டைய பத்திரமா வச்சிருங்க" என்றார். அப்படியே செய்யலாம் என்று எழுந்தோம்.

அனுப்புவதற்கு முன், மூன்றாவது கோரிக்கைக்கு ஸ்டாட்ஸ் மேடம் குடும்பத்தின் சம்மதமும் இருந்தால் நல்லது என்று பட்டது. அவருடைய கணவர் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சாவு வீட்டில் பார்த்ததோடு சரி. ஸ்டாண்டில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"வீடியோவா? அவ பேசறதா?"

"ஆமாங்க. பாடம் நடத்தறது. நாப்பது இருக்கும்."

"எங்கிட்ட யாருமே சொல்லலியே டீச்சர்." ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினார். "ஊட்ல போட்டோ கீது. குரலு இல்ல. என் பொண்ணு அன்னிக்கி கேக்குது, அம்மா எப்டிப்பா பேசும்னு. பத்து வயசு. மறந்துகினே வருது. அத்த அழிச்சிடாதீங்க. எங்களுக்கு ஒண்ணு குடுக்க சொல்லுங்க."

அந்த யோசனை எனக்கு வந்திருக்கவே இல்லை. எனக்கு அந்தக் குரல் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. மனுவில் ஒரு வரி சேர்த்து அனுப்பினோம்: பதிவுகளின் பிரதி குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும்.

நாங்கள் எதிர்பார்க்காதது, மாணவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணும் இன்னும் சிலரும் சேர்ந்து எழுதியது. எங்களுக்குப் பாடம் நடத்த உயிரோடு இருக்கிற ஆசிரியர் வேண்டும் என்று முதல் வரி. அதை முதல்வர் படிக்கும்போது நான் அறையில் இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் நிர்வாகத்தினர் கூப்பிட்டார்கள். செயலாளர் எங்களைப் பார்த்து, கேட்டிருந்தால் முன்பே செய்திருப்போமே என்றார். முன்பே கேட்டவர் யார் என்று நான் சொன்னேன். நியமன உத்தரவு எழுத்தில் தருவார்கள். செமஸ்டருக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு. வீடியோ இனி வகுப்பில் ஓடாது. மணிக்குரிய தொகை அப்படியே இருக்கும், மே மாதமும் அப்படியே. வெளியே வந்து, கல்யாண மண்டபத்துக்கு எதிரில் டீ குடித்தோம்.

மறுநாள் பென் டிரைவோடு ஆபீஸுக்குப் போனேன்.

"எல்லாத்தயும் டெலீட் பண்ணியாச்சே மேடம்" என்றார் அங்கே இருந்தவர். "நீங்கதானே வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க? சார் நேத்தே க்ளியர் பண்ண சொல்லிட்டாரு."

"காப்பி வேணும்னும் எழுதியிருந்தோமே."

"அது எனக்குத் தெரியாது மேடம்."

என் போனில் தேடினேன். இடம் போதாமல் அவ்வப்போது அழித்துக்கொண்டே வந்திருந்தேன். முதல் யூனிட் இல்லை. பஸ் ஸ்டாண்ட் கணக்கு இல்லை. நீலச் சேலை இல்லை. இரண்டு மட்டும் இருந்தன. பயந்துபோய்த் திறக்காமல் விட்டதால் அழியாமல் தங்கிப்போன இரண்டு.

மூன்று நாள் யோசித்தேன். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பூந்தமல்லி போனேன். மெட்ரோ தூண் ஒன்றின் நிழலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். மற்றது எல்லாம் போய்விட்டது, இரண்டுதான் மிச்சம், இதில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போனைக் கொடுத்தேன்.

முதலாவதை முழுக்கப் பார்த்தார். சுற்றிலும் பஸ் சத்தம். போனைக் காதருகில் வைத்துப் படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் சில இடங்களில் கேட்டார். இரண்டாவது ஓடியது. என் குரல் வந்தது. அவர் நிமிர்ந்தார்.

"இது யாரு பேசறது?"

"நான்தான்."

திரையில் அவர் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் அதை நிறுத்தினார்.

"ஜொரம்னு உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னாங்க."

"எங்கிட்ட சொல்லல" என்றார். "மழைல நனஞ்சதுதான்னு சொன்னா. திங்கக்கெழம ராத்திரி வரைக்கும் சொல்லல."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். ஆனால் வேறு ஒன்றைக் கேட்டேன். "ஆரம்பத்துல நான் பேசறத வெட்டிட்டு அனுப்பட்டுமா?"

"வாணாம். எப்டி கீதோ அப்டியே அனுப்புங்க."

அனுப்பினேன். பெரிய ஃபைல், நேரமெடுத்தது. அது போய்ச் சேரும்வரை இருவரும் திரையில் நகரும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் ஆவடிக்கு நாலைந்து பேர் ஏறிவிட்டார்கள். நானும் அதே ஆட்டோவில் ஆவடிவரை வந்தேன். இறங்கும்போது காசு நீட்டினேன். மற்றவர்களிடம் வாங்கியதைப் போலவே வாங்கிக்கொண்டு மீதி கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த செமஸ்டரில் எனக்கு வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நியமன உத்தரவு மற்றவர்களுக்கு வந்தது. ஆங்கில ஆசிரியர் தன்னுடையதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டு நாள் விடுப்பு என்ற வரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போது பட்டாபிராம் தாண்டி இன்னொரு கல்லூரியில் நடத்துகிறேன். இங்கேயும் மணிக்கணக்குதான், இங்கேயும் காகிதம் கிடையாது. கேட்டிருக்கிறேன். ஆறு பேர் சேர்ந்து கேட்டிருக்கிறோம். இங்கேயும் வீடியோ எடுத்துத் தரச் சொல்கிறார்கள். எழுத்தில் தராமல் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வகுப்பில் நான் இப்போதெல்லாம் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் வருவதற்குள் இருக்கும் அந்த இடைவெளியில் என்னால் நிற்க முடியவில்லை.

அவருடைய கணவருக்கு நான் பிறகு போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அந்த வீடியோவை அவளுக்குக் காட்டினாரா என்று தெரியாது. காட்டியிருந்தால், இரண்டாவதில் அவள் அம்மா வணக்கம் சொல்வதற்கு முன்னால் நான் பேசுகிறேன். தன் அம்மாவின் குரலைக் கேட்க அவள் ஒவ்வொரு தடவையும் முதலில் என் குரலைக் கேட்டாக வேண்டும்.